சல்கி பந்தயத்தில் இடையூறு: டிரைவருக்கு ஏன், எப்படித் தண்டனை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னிக்குத் தென்மேற்கே மெனாங்கிள் என்று ஒரு இடம். அங்கே சனிக்கிழமை இரவுகளில் நடக்கும் ஹார்னஸ் பந்தயங்களுக்கு நண்பர்களையும் உறவுக்காரர்களையும் பல வருடமாக அழைத்துப்போகிறேன். முதல் இரண்டு பந்தயம் முடிவதற்குள் யாராவது ஒருவர், "அந்த டிரைவரை எதுக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க?" என்று கேட்டுவிடுவார். அப்புறம் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். அதிகமாகப் பேசுவது ஆஸ்திரேலிய நடைமுறையைப் பற்றித்தான். நியூசிலாந்தும் அமெரிக்காவும் எங்கே மாறுபடுகின்றனவோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

"ஹார்னஸ் ரேஸ்னா என்ன? நம்ம ஊர் ரேக்ளா மாதிரியா?"

பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஒரு குதிரை, அதன் பின்னால் சல்கி என்ற இரண்டு சக்கர இலகு வண்டி, அதில் கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கும் டிரைவர். ஆனால் இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. டிராட்டர் வகைக் குதிரை மூலைவிட்டக் கால்களைச் சேர்த்து வைத்து ஓடும். பேசர் வகை ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைத்து ஓடும். நல்ல பேசர் ஒரு மைலை 1 நிமிடம் 50 நொடியில் கடந்துவிடும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல்.

இன்னொரு வித்தியாசம், எல்லோரும் வட்டப்பாதையில் நெருக்கியடித்து ஓடுகிறார்கள். மெனாங்கிளில் ஒரு சுற்று 1400 மீட்டர். மெல்பர்ன் பக்கத்து மெல்டனில் 1040 மீட்டர்தான். பத்து குதிரை, பத்து வண்டி, இருபது சக்கரம். பின்னால் வரும் குதிரையின் மூக்கு முன்னால் போகிறவரின் தோளை உரசாத குறையாக வரும். கீழே அதன் முன்கால்கள் முன்வண்டியின் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் விழுந்து எழும். இனி வரும் பதில்களை எல்லாம் இந்தக் காட்சியை மனதில் வைத்துப் படியுங்கள்.

"இடிச்சாத்தானே இடையூறு? இங்க யாரும் யாரையும் தொடவே இல்லையே!"

தொட வேண்டியதில்லை. ஒருவர் தன் பாதையிலிருந்து விலகி வந்ததால், தனக்குரிய இடத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொருவர் கடிவாள வாரை இழுத்துப் பிடிக்கவோ விலகவோ வேண்டியிருந்தால் அதுவே இடையூறு. ஆஸ்திரேலிய ஹார்னஸ் விதிகளில் 163-ஆம் விதி இதைச் சொல்கிறது: டிரைவர் இடையூறு விளைவிக்கவும் கூடாது, அது விளைவதில் பங்கு வகிக்கவும் கூடாது. இந்த இரண்டாம் பாதி முக்கியம், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் பின்குதிரையின் தலையைப் பார்க்கச் சொல்வேன். தடைபட்ட குதிரையின் தலை சட்டென்று மேலே போகும், வாய் திறக்கும். டிரைவர் முதுகு பின்னால் சாய, இரண்டு கையும் நெஞ்சுக்கு வரும். ஒருநாள் இரவு கம்பியை ஒட்டி நின்றிருந்தபோது சக்கரத்தில் குளம்பு பட்ட சத்தத்தைக் கேட்டேன். காய்ந்த மட்டையை முறித்தாற்போல ஒரே ஒரு 'டக்'. அந்தக் குதிரை விழவில்லை. ஆனால் அடுத்த வளைவில் அதன் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து ஆடியது. டயர் போயிருந்தது. பந்தய அறிக்கைகளில் "டயர் பஞ்சர்" என்று ஒரு வரி அடிக்கடி வரும். பாதி நேரம் அதன் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும்.

"யார் தீர்ப்பு சொல்றது? அரை மணி நேரத்துல எப்படி முடிக்கிறாங்க?"

ஸ்டீவர்டுகள். ஆஸ்திரேலியாவில் அன்றிரவு மைதானத்தில் பொறுப்பில் இருக்கும் அவர்களே விசாரித்து, அவர்களே குற்றம் சாட்டி, அவர்களே தண்டனையும் தருகிறார்கள். பக்கவாட்டிலிருந்தும் நேர் எதிரிலிருந்தும் எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்ப்பார்கள். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு குதிரைக்கும் இடையே நிறைய இடம் இருப்பது போலத் தெரியும். எதிர்க் கோணத்தில் பார்த்தால் சக்கரம் அடுத்தவர் பாதைக்குள் அரை வண்டி அகலம் போயிருக்கும். டிவியில் ஒரே கோணத்தைப் பார்த்துவிட்டு நாம் சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சம்பந்தப்பட்ட டிரைவர்களைக் கூப்பிட்டு, படத்தைப் போட்டுக்காட்டி, இரு தரப்பையும் கேட்பார்கள். குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறாயா மறுக்கிறாயா என்று கேட்பார்கள். பிறகு தண்டனையைப் பற்றிப் பேச வாய்ப்புத் தருவார்கள். அடுத்த பந்தயத்துக்கு டிரைவர் கிளம்ப வேண்டியிருந்தாலோ விவகாரம் சிக்கலானதாக இருந்தாலோ ஒத்திவைப்பார்கள்.

நியூசிலாந்தில் வேறு மாதிரி. அங்கே 2021 ஜூலை முதல் 'ரேசிங் இன்டெக்ரிட்டி போர்டு' என்ற தனி அமைப்பு இதைப் பார்க்கிறது. ஸ்டீவர்டு குற்றம் சாட்டுவார், தீர்ப்பளிக்கத் தனிக் குழு இருக்கும், காரணங்களோடு எழுத்தில் வெளியிடும். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் சொல்லும்போது, சரியான தீர்ப்பாக இருந்தாலும் தோற்றவர் மனதில் ஒரு முள் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் ரேசிங் கமிஷனுக்கும் உட்பட்ட நடுவர்கள் பார்க்கிறார்கள். பந்தயம் முடிந்ததும் டிரைவர்களிடம் தொலைபேசியில் பேசிவிட்டு முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

"அவர் வேணும்னு செய்யலையே. அப்புறம் எதுக்கு தண்டனை?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வேண்டுமென்றே செய்தாரா என்பது இங்கே முதல் கேள்வியே இல்லை. கவனமாக ஓட்டியிருந்தால் தவிர்த்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இடம் மாறுகிறவர் மீதுதான் பொறுப்பு. பாதையின் உள்ளோரம் நோக்கி இறங்க நினைக்கிறவர், தன் குதிரை மட்டுமல்ல, பின்னால் இழுத்துவரும் வண்டியின் சக்கரமும் அடுத்த குதிரையின் முன்கால்களைத் தாண்டிவிட்டதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். பஸ் ஓட்டுகிறவர் முன்பக்கம் தாண்டியதும் திருப்பிவிட முடியாது, பின்பக்கத்தையும் கணக்கில் வைக்க வேண்டும் அல்லவா, அதே விஷயம்தான்.

குற்றத்துக்குப் படிகள் உண்டு. 168-ஆம் விதி கவனக்குறைவாக ஓட்டுவதையும் பின்விளைவை மதிக்காமல் ஓட்டுவதையும் தனித்தனியாக வைக்கிறது. கணக்குத் தப்பி அரை நொடி முன்னதாக இறங்கினால் அது முதல் வகை. இடமே இல்லை என்று தெரிந்தும் குதிரையைத் திணித்தால் இரண்டாவது வகை. அங்கே தண்டனை பல மடங்கு ஏறும். வேண்டுமென்றே அடுத்தவரைத் தடுப்பது இதற்கெல்லாம் மேலே. பெரும்பாலான விவகாரங்கள் முதல் வகையிலேயே முடிந்துவிடுகின்றன. தண்டனை வாங்கியவரை அயோக்கியன் என்று பேசுவது தவறு. நல்ல டிரைவர்கள் எல்லோருமே எப்போதாவது இந்த விதியில் மாட்டியவர்கள்தான்.

"குதிரைதானே சாய்ஞ்சுது? மனுஷன் என்ன பண்ணுவான்?"

சில குதிரைகள் களைத்தால் ஒரு பக்கம் சாயும். வளைவில் வெளியே தள்ளும், கடைசி நேர்ப்பாதையில் உள்ளே இழுக்கும். அது டிரைவரின் குற்றமில்லை. ஆனால் சாய ஆரம்பித்ததும் அவர் என்ன செய்தார் என்று ஸ்டீவர்டுகள் பார்ப்பார்கள். கடிவாளத்தைத் திருத்தி நேராக்க முயன்றாரா, இல்லை சாய்ந்தால் சாயட்டும் என்று விரட்டிக்கொண்டே போனாரா? விரட்டுவதை நிறுத்தியவர் பெரும்பாலும் தப்பிப்பார். நிறுத்தாதவருக்கு "குதிரைதான் சாய்ந்தது" என்ற வாதம் கைகொடுக்காது.

இரண்டே அடியில் சட்டென்று சாய்ந்தது, திருத்த நேரமே இல்லை என்றால் அறிக்கையில் "மேல் நடவடிக்கை இல்லை" என்று எழுதி முடிப்பார்கள். குதிரை அடிக்கடி அப்படிச் செய்தால் பயிற்சியாளரைக் கூப்பிட்டு எச்சரிப்பார்கள்.

"ஒரே மாதிரி தப்புக்கு ஒருத்தருக்கு ஒரு வாரம், இன்னொருத்தருக்கு மூணு வாரம். பாரபட்சம் தானே?"

கேட்டால் அப்படித்தான் இருக்கும். அறிக்கையை முழுசாகப் படித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முதலில் கவனக்குறைவு எந்த அளவு என்று வைப்பார்கள்: லேசானதா, நடுத்தரமா, மோசமானதா. அடுத்து விளைவு. ஒரு குதிரை ஒரு அடி தடுமாறியதற்கும், மூன்று குதிரை விழுந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கும் ஒரே தண்டனை இருக்காது. பிறகு அந்த டிரைவரின் பழைய கணக்கு. இதில்தான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். வருடத்துக்கு 600 பந்தயம் ஓட்டுகிறவர் இரண்டு முறை மாட்டினால் நல்ல கணக்கு. 60 பந்தயம் ஓட்டுகிறவர் இரண்டு முறை மாட்டினால் அது நல்ல கணக்கு இல்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைப்பு உண்டு. பெரிய பரிசுப் பந்தயமாக இருந்தால் கூட்டுவதும் உண்டு. கவனக்குறைவு என்றால் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை லைசென்ஸை நிறுத்திவைப்பதுதான் வழக்கமான தண்டனை. புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையன்களுக்கு லேசான தவறு என்றால் கண்டித்து, உட்காரவைத்து வீடியோவைப் போட்டுக் கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

"ஃபைன் போட்டு விட்டா போதாதா? பாவம், பிழைப்பு கெடுதே."

போதாது என்பது என் உறுதியான எண்ணம். பெரிய பந்தயத்தில் ஜெயிக்கும் டிரைவருக்குப் பரிசுத்தொகையில் பங்கு வருகிறது. சில நூறு டாலர் அபராதம் அவருக்குச் செலவுக்கணக்கில் ஒரு வரி. லைசென்ஸை இரண்டு வாரம் எடுத்துவிட்டால் அவர் ஓட்டவேண்டிய குதிரைகள் வேறு கைக்குப் போகும். அதில் ஒன்று புதிய டிரைவருக்குப் படிந்துவிட்டால் திரும்பி வராது. அந்தப் பயம்தான் வளைவில் கையை இழுத்துப் பிடிக்க வைக்கிறது.

பிழைப்பு கெடுகிறது என்பது உண்மை. வாரத்தில் நாலு குதிரை மட்டும் ஓட்டும் சின்ன டிரைவருக்கும் வாரத்துக்கு முப்பது ஓட்டுகிறவருக்கும் இரண்டு வாரம் ஒன்றல்ல. நியூசிலாந்தில் அதனால்தான் எத்தனை ஓட்டம் இழப்பார் என்பதை வைத்துக் கணக்கிட்டு அதை நாட்களாக மாற்றுகிறார்கள். நியாயமான ஏற்பாடு.

"சஸ்பென்ட் ஆனவர் மறுநாளே ஓட்டுறாரே?"

தடை எந்தத் தேதி நள்ளிரவு தொடங்குகிறது என்று அறிக்கையில் இருக்கும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட குதிரைகளை ஓட்டி முடிக்க அனுமதித்து அதற்குப் பிறகு தொடங்கவைப்பது உண்டு. குதிரைச் சொந்தக்காரர் கடைசி நேரத்தில் தவிக்கக் கூடாது என்பதற்காக. ஏமாற்று இல்லை.

"டிரைவருக்குத் தண்டனை கொடுத்தாங்க. குதிரையோட ஜெயிப்பு மட்டும் அப்படியே இருக்கே, அது எப்படி?"

இவை இரண்டும் தனித்தனி வழக்கு. டிரைவரின் வழக்கில் கேள்வி, அவர் கவனமாக ஓட்டினாரா என்பது. முடிவு வழக்கில் கேள்வி, அந்த இடையூறு இல்லாதிருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை இதற்கு முன்னால் வந்திருக்குமா என்பது. முதல் வளைவில் லேசாக உரசிய குதிரை பிறகு பத்துக் குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தால், டிரைவருக்குத் தண்டனை இருக்கும், ஜெயிப்பும் நிற்கும். எதிர்மாறாகவும் நடக்கும். கடைசி நூறு மீட்டரில் குதிரை சாய்ந்து பக்கத்துக் குதிரைக்கு இடம் பறிபோனால், டிரைவர் மீது குற்றமில்லை என்று சொல்லிவிட்டுக் குதிரையைக் கீழே இறக்குவார்கள்.

இதில் பெரிய உதாரணம் 2017 ஹாம்பிள்டோனியன். அமெரிக்க டிராட்டர் பந்தயங்களில் அதைவிடப் பேர்பெற்றது கிடையாது. நியூ ஜெர்சியின் மெடோலேண்ட்ஸ் மைதானம், பரிசு 10 லட்சம் டாலர். டேவிட் மில்லர் ஓட்டிய 'வாட் தி ஹில்' என்ற குதிரை முடிவுக்கோட்டை முதலில் தொட்டது. கடைசி நேர்ப்பாதையில் அது 'கார்டியன் ஏஞ்சல் ஏஎஸ்' என்ற குதிரைக்கு இடையூறு செய்ததாக நடுவர்கள் முடிவு செய்து 9-ஆம் இடத்துக்கு இறக்கினார்கள். ஓகே ஸ்வான்ஸ்டெட் பயிற்சியளித்து ஓட்டிய 'பெர்ஃபெக்ட் ஸ்பிரிட்' ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஏன் இரண்டாம் இடத்தோடு நிற்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க முறையில் தவறு செய்த குதிரை, தான் கெடுத்த குதிரைக்குப் பின்னால் போக வேண்டும். இடையூறு பட்ட குதிரை எங்கே முடித்ததோ அதற்குக் கீழேதான் இடம். அந்த இரவு அந்தக் குதிரைச் சொந்தக்காரர்கள் எப்படி உறங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் பரிசு பெரிது என்பதற்காக விதியை மடக்கியிருந்தால் இன்னும் வருத்தப்பட்டிருப்பேன்.

"நான் பெட் கட்டினேன். ஒரு வாரம் கழிச்சு டிரைவர் குற்றவாளின்னு சொன்னா என் பணம்?"

வராது. முடிவு உறுதி என்று மைதானத்தில் அறிவித்த நொடியோடு பணக்கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு வரும் தண்டனை டிரைவருக்கு மட்டும். அறிவிப்பு வரும்வரை சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

"ரெண்டு பேர் மேலயும் தப்பு இருந்தா?"

'பங்கு வகிக்கவும் கூடாது' என்று 163-ஆம் விதியில் பார்த்தோமே, அது இதற்குத்தான். வெளிப்பக்கம் ஓடுகிற குதிரை மெல்ல உள்ளே வருகிறது, சந்து மூடிக்கொண்டிருக்கிறது. அது தெரிந்தும் உள்ளே இருப்பவர் விரட்டி மூக்கை நுழைக்கிறார். மோதல். வந்தவர் கொஞ்சம் தப்பு, நுழைந்தவரும் கொஞ்சம் தப்பு. இருவர் மீதும் குற்றம் சாட்டலாம், அல்லது ஒருவர் பங்கைச் சொல்லி மற்றவரின் தண்டனையைக் குறைக்கலாம். யார் மீதும் தெளிவாக வைக்க முடியாவிட்டால் நடவடிக்கையே இருக்காது.

ஓட்டத்தில் முதலில் இடம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதே அடிப்படைக் கேள்வி. முழுசாகத் திறந்திருந்த இடத்தில் ஒருவர் நுழைந்துவிட்டால் அது அவருடையது. பாதி திறந்த கதவில் தோளை வைத்தவர் அந்த உரிமையைக் கேட்க முடியாது.

"குதிரை திடீர்னு பாய்ச்சல் எடுத்துருச்சு, பின்னாடி எல்லாரும் கலைஞ்சுட்டாங்க. அது இடையூறு ஆகாதா?"

நாலுகால் பாய்ச்சலுக்கு மாறுவது தானாகவே டிரைவரின் குற்றமாகாது. மாறியபின் அவர் என்ன செய்தார் என்பதே கேள்வி. அமெரிக்க விதி மூன்றைக் கேட்கிறது: வெளியே இடம் இருந்தால் குதிரையை அங்கே கொண்டுபோக வேண்டும், சரியான நடைக்குத் திருப்ப முயல வேண்டும், பாய்ச்சலில் இருக்கும்போது முன்னேறாமல் இடத்தை இழக்க வேண்டும். பிரான்சில் இன்னும் கடுமை. பாரிஸின் வான்சென் மைதானத்தில் டிராட்டர் தொடர்ந்து பாய்ச்சலிலேயே ஓடினால் தகுதியிழப்புதான்.

இன்னொருவர் சக்கரம் பட்டதால்தான் குதிரை பாய்ச்சல் எடுத்தது என்றால் கதை தலைகீழ். பாய்ந்தவர் பாதிக்கப்பட்டவர்.

"உள்பக்க குச்சிகளுக்கு உள்ளே ஓடிட்டாரு. அதுக்கும் இதே தண்டனையா?"

அது வேறு விதி. உள்ளோரத்தில் நிற்கும் அடையாளக் குச்சிகளுக்கு உள்ளே போனால் தூரம் மிச்சமாகிறது, அது ஆதாயக் குற்றம். ஆனால் இன்னொருவர் தள்ளியதால் உள்ளே போனார் என்றால் தள்ளியவர் பேரில் இடையூறு வழக்கு. உள்ளே தள்ளப்பட்டவர் ஆதாயம் எடுக்காமல் உடனே வெளியே வந்தாரா என்றும் பார்ப்பார்கள்.

"ஒரே லாயத்துக் குதிரைக்கு வேணும்னே வழி விட்டா? யாரையும் இடிக்கலையே."

யாரையும் தடுக்கவில்லை என்றால் இடையூறு இல்லைதான். ஆனால் 149-ஆம் விதியிடம் மாட்டுவார். ஒவ்வொரு டிரைவரும் தன் குதிரை ஜெயிக்கவோ முடிந்தவரை நல்ல இடத்தில் வரவோ நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது அந்த விதி. இடையூறு என்பது அரை நொடித் தவறாக இருக்கலாம். இது முன்கூட்டியே எடுத்த முடிவு. எனவே இதை அதைவிடக் கடுமையாகப் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும்.

"அப்பீல் போட்டுட்டு ஜாலியா ஓட்டிட்டு இருக்காரே, இது நியாயமா?"

மேல்முறையீடு அவர் உரிமை. நியூ சவுத் வேல்ஸில் ரேசிங் அப்பீல்ஸ் டிரைபியூனல் இருக்கிறது, விக்டோரியாவில் 2019 முதல் விக்டோரியன் ரேசிங் டிரைபியூனல். தடையை நிறுத்திவைக்கக் கேட்கலாம், கிடைத்தால் தீர்ப்பு வரும்வரை ஓட்டலாம். இரண்டு வாரத் தடையை அனுபவித்து முடித்தபின் "நீ நிரபராதி" என்று சொல்லி என்ன பயன்? அதனால் அந்த வழி இருக்கத்தான் வேண்டும்.

பெரிய பந்தய வாரத்தைத் தாண்டிவிடவே அப்பீல் போடுகிறார்கள் என்ற புகார் எனக்கும் உண்டு. அதற்கு மருந்து உரிமையைப் பிடுங்குவது இல்லை, வழக்கைச் சில நாட்களுக்குள் கேட்டு முடிப்பது. அடுத்த சனிக்கிழமைப் பந்தயப் பட்டியலில் அவர் பேர் இருக்கிறதா இல்லையா என்பது அந்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்துவிட்டால் குதிரைச் சொந்தக்காரருக்கும் நல்லது, அந்த டிரைவருக்கும் நல்லது.